உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவுடன் பிறந்த குழந்தை: முதல் நாள் முதல் தையல் ஆறும் வரை

மேலுதடு பிளந்து ஒரு குழந்தை பிறந்ததும் வீட்டில் எல்லோரும் கேட்பது, 'எப்போது ஆபரேஷன்?' என்றுதான். உதட்டைத் தைக்கக் குறைந்தது மூன்று மாதம் அவகாசம் இருக்கிறது. பால் கொடுக்க மூன்று மணி நேரம்கூட இல்லை. அதனால் முதல் நாள் கேட்க வேண்டியது, 'இந்தக் குழந்தைக்கு எப்படிப் பால் புகட்டுவது?' என்பதுதான். தையல் பிரிவது, வாயின் மேற்கூரையான அண்ணத்தில் ஓட்டை விழுவது, மயக்கத்திலிருந்து எழும்போது மூச்சு திணறுவது போன்ற சிக்கல்கள், எடை ஏறாமலும் ரத்தம் குறைந்தும் சளியோடும் ஆபரேஷன் மேசைக்குப் போகும் குழந்தைகளுக்கே கூடுதலாக வருகின்றன. அறுவை சிகிச்சை நிபுணர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், மெலிந்த திசுவில் போட்ட தையல் பிடிக்காது. ஆகவே இந்தக் கட்டுரையில் கத்தி போடுவதைப் பற்றிக் கொஞ்சமும், அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை பற்றி நிறையவும் இருக்கும். பெற்றோருக்கும், இந்தப் பிரிவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த செவிலியருக்கும், கிராம சுகாதார செவிலியருக்கும் எழுதியது.

முதலில் ஒரு விஷயம்

கிரகணத்தன்று தாய் அரிவாள்மணையில் காய் நறுக்கியதால் உதடு பிளந்தது என்று இன்னமும் பல வீடுகளில் சொல்கிறார்கள். அது உண்மையில்லை. கருவில் முகம் இரண்டு பக்கத்திலிருந்தும் வளர்ந்து வந்து நடுவில் ஒட்டிக்கொள்கிறது. கரு உருவான 4 முதல் 7 வாரத்துக்குள் உதடும், 12 வாரத்துக்குள் அண்ணமும் ஒட்டிவிடும். அந்த ஒட்டுதல் நடக்காமல் நின்றுபோனால் பிளவு. கர்ப்பம் என்று பல பெண்களுக்குத் தெரியவரும் நேரத்திலேயே உதட்டு வேலை பாதி முடிந்திருக்கும். உலக அளவில் ஏறக்குறைய 700 பிறப்புக்கு ஒன்று இப்படி அமைகிறது. பரம்பரைக் கூறு, ஃபோலிக் அமிலக் குறைவு, புகையிலை, வலிப்புக்குத் தரும் சில மாத்திரைகள் எனப் பல காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. பெரும்பாலான குழந்தைகளுக்கு இதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்டவே முடியாது. பழி சுமத்தப்பட்ட தாய்க்கு மனம் நொந்தால் பால் சுரப்பும் குறையும். இந்த வீட்டில் முதலில் ஆற்ற வேண்டிய புண் அதுதான். மாமியாரையும் கணவரையும் உட்காரவைத்து இதை எடுத்துச் சொல்வது மருத்துவ வேலைதான், உபதேசமில்லை.

பிறந்த அன்று பார்க்க வேண்டியவை

உதட்டுப் பிளவு எல்லோர் கண்ணிலும் படும். அண்ணப் பிளவு தவறவிடப்படுகிறது. விரலை விட்டுத் தடவிப் பார்த்தால் மட்டும் போதாது. டார்ச் அடித்து, நாக்கை அழுத்தும் பட்டையால் நாக்கைக் கீழே தள்ளி, உள்நாக்குவரை கண்ணால் பார்க்க வேண்டும். உள்நாக்கு இரண்டாகப் பிரிந்திருந்தாலோ, அண்ணத்தின் நடுக்கோடு நீலம் பாய்ந்து மெல்லியதாகத் தெரிந்தாலோ, மேலே தோல் மூடி உள்ளே தசை பிளந்திருக்கும் மறைவுப் பிளவு இருக்கலாம். இதைத் தவறவிட்டால் மூன்று நான்கு வயதில் குழந்தை மூக்கால் பேசும்போதுதான் வெளியே வரும்.

தாடை மிகச் சிறியதாகப் பின்னுக்குப் போயிருந்து, நாக்கு தொண்டையில் விழுந்து மூச்சை அடைத்தால் அது வேறு வகை. பியர் ராபின் என்பார்கள். மல்லாக்கப் படுக்கவைத்தால் நெஞ்சு உள்வாங்கும், உதடு நீலம் பாயும். இந்தக் குழந்தையைப் பக்கவாட்டிலோ குப்புறவோ கிடத்தி, ஆக்சிஜன் அளவைக் கண்காணித்தபடி, குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு அன்றே மாற்ற வேண்டும். வீட்டுக்கு அனுப்பவே கூடாது.

கீழுதட்டில் இரண்டு சிறு குழிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அது குடும்பத்தில் ஓடும் வகை. அடுத்த தலைமுறைக்குப் போக இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. காது, விரல், கண், முதுகுத்தண்டு எல்லாவற்றையும் ஒருமுறை சரிபார்த்து, இதயத்துக்கு எக்கோ எடுத்துவிடுவது நல்லது. இதயத்தில் ஓட்டை இருப்பது மயக்க மருந்து கொடுக்கும் காலையில்தான் தெரியவரும் என்ற நிலை வரக் கூடாது.

பால் புகட்டுவது

உதடு மட்டும் பிளந்த குழந்தை பெரும்பாலும் தாய்ப்பாலை நேரடியாகவே குடித்துவிடும். பிளவுள்ள பக்கம் மேலே இருக்கும்படி சாய்த்துப் பிடித்தால், மார்பின் சதையே அந்த இடைவெளியை அடைத்துக்கொள்ளும். தேவைப்பட்டால் தாய் கட்டைவிரலால் மூடிப் பிடிக்கலாம்.

அண்ணம் பிளந்த குழந்தைக்கு இது நடக்காது. வாய்க்கும் மூக்குக்கும் நடுவே சுவர் இல்லாததால் உறிஞ்சும் இழுப்பே உருவாகாது. குழந்தை ஒரு மணி நேரம் மார்பைச் சப்பிக்கொண்டிருக்கும். பார்ப்பவர்கள் நன்றாகக் குடிக்கிறது என்பார்கள். வயிற்றுக்குள் போனது 10 மி.லி.கூட இருக்காது. சப்புவதற்குச் செலவான சக்தி, குடித்த பாலில் கிடைத்ததைவிட அதிகம். மூன்றாவது வாரத்தில் எடை போட்டால் பிறந்த எடையைவிடக் குறைந்திருக்கும்.

வழி எளிது. பாலைப் பீய்ச்சி எடுத்துப் பாலாடையில் கொடுக்க வேண்டும். நம் பாட்டிமார் சங்கு என்று சொல்லும் அதே பாத்திரம்தான். பச்சிளங்குழந்தைப் பிரிவுகளிலும் இதையே பயன்படுத்துகிறார்கள். புகட்டும் முறை இது:

1. பாலாடையையும் கிண்ணத்தையும் சோப்புப் போட்டுக் கழுவி, தண்ணீரில் மூழ்கவைத்து 10 நிமிடம் கொதிக்கவையுங்கள்.
2. குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்காரவைப்பதுபோல் பிடியுங்கள். தலை 45 பாகைக்கு மேல் நிமிர்ந்திருக்கட்டும். படுக்கவைத்துப் புகட்டாதீர்கள். அழும்போதும் புகட்டாதீர்கள்.
3. பாலாடையின் மூக்கைக் கீழுதட்டின் ஓரத்தில், கன்னத்தின் உட்பக்கம் பார்த்து வையுங்கள். பிளவுக்குள் நேராக ஊற்றக் கூடாது.
4. ஒரு வாய் அளவு மட்டும் சரித்து, நிறுத்தி, தொண்டை அசைந்து விழுங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த வாய்.
5. ஒவ்வொரு 15 முதல் 30 மி.லி.க்கும் தோளில் போட்டு ஏப்பம் விடவையுங்கள். இந்தக் குழந்தைகள் காற்றை நிறைய விழுங்கும். ஏப்பம் விடாவிட்டால் குடித்தது முழுவதையும் கக்கிவிடும்.
6. 30 நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். பிறகு 20 நிமிடமாவது நிமிர்த்தியே வைத்திருங்கள்.

அளவு: முதல் நாள் கிலோவுக்கு 60 மி.லி.யில் தொடங்கி, நாளுக்கு நாள் கூட்டி, ஒரு வாரத்தில் கிலோவுக்கு 150 மி.லி.க்குக் கொண்டுவர வேண்டும். 3 கிலோ குழந்தைக்கு ஒரு நாளைக்கு 450 மி.லி.; எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு ஏறக்குறைய 55 மி.லி. தாய் ஒரு நாளைக்கு எட்டு முறை பீய்ச்ச வேண்டும், இரவில் ஒருமுறையாவது. இரவு விட்டுவிட்டால் இரண்டு வாரத்தில் சுரப்பு வற்றத் தொடங்கும்.

மூக்கு வழியாகப் பால் வருவதைப் பார்த்துப் பயந்து நிறுத்துகிறார்கள். அது இந்த அமைப்பில் இயல்பு. நிமிர்த்திப் பிடித்துத் துணியால் துடைத்துவிட்டுத் தொடருங்கள். ஆனால் குடிக்கும்போது நெற்றி வியர்த்தாலோ, மூச்சு வேகமாகி உதடு கறுத்தாலோ, ஒவ்வொரு வேளையும் புரையேறினாலோ அது இயல்பு இல்லை. பால் நுரையீரலுக்குள் போகிறது, அல்லது இதயத்தில் கோளாறு. உடனே காட்டுங்கள்.

பிறந்து 14 நாளுக்குள் பிறந்த எடைக்குத் திரும்பி, பிறகு நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். வாரம் ஒருமுறை ஒரே தராசில், துணியில்லாமல் எடை போட்டு அட்டையில் எழுதுங்கள். வாரத்துக்கு 150 கிராம் ஏறாவிட்டால் அடுத்த வாரம்வரை காத்திருக்க வேண்டாம். அந்த அட்டைதான் ஆபரேஷன் தேதியைத் தீர்மானிக்கப் போகிறது.

எங்கே போவது

பிளவு சிகிச்சைக்கு ஒரே மருத்துவர் போதாது. பிளாஸ்டிக் சர்ஜன் அல்லது முகத்தாடை அறுவை நிபுணர், குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகியவர், பல் சீரமைப்பு மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், காது மூக்கு தொண்டை மருத்துவர் எல்லோரும் ஒரே இடத்தில் கூடிப் பார்க்கும் பிளவு மையத்தைத் தேடுங்கள். 'வாரத்தில் எத்தனை பிளவு ஆபரேஷன் செய்கிறீர்கள், பேச்சுப் பயிற்சியாளர் இங்கேயே இருக்கிறாரா?' என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் உதட்டு, அண்ணப் பிளவு பட்டியலில் உள்ளது. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவோ ஆரம்ப சுகாதார நிலையமோ டி.இ.ஐ.சி. எனப்படும் மாவட்ட மையத்துக்கு அனுப்பிவைப்பார்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. பிளவு சிகிச்சைக்கு உதவும் ஸ்மைல் டிரெயின் தொண்டு அமைப்போடு இணைந்த மருத்துவமனைகளிலும் கட்டணமில்லாமல் செய்கிறார்கள். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று, குழந்தையின் பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை இவற்றின் நகல்களை ஒரே உறையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு வாரத்துக்குள் போவதில் ஒரு லாபம் உண்டு. பிளவு அகலமாக இருந்தால், அளவெடுத்துச் செய்த தட்டை வாயில் பொருத்தி, உதட்டின் குறுக்கே பிளாஸ்டர் ஒட்டி, வாராவாரம் சரிசெய்து, ஈறுகளை நெருக்கமாகக் கொண்டுவருவார்கள். சப்பையாக இருக்கும் மூக்கையும் தூக்கிவிடுவார்கள். பிறந்த புதிதில் குருத்தெலும்பு வளைந்துகொடுக்கும். மூன்று மாதத்துக்குப் பிறகு கொடுக்காது. வாராவாரம் வர முடியாத குடும்பத்துக்கு இது கட்டாயமில்லை. வெறும் பிளாஸ்டர்கூட ஓரளவுக்கு உதவும். ஒட்டும் இடத்தில் தோல் உரிந்தால் இரண்டு நாள் விட்டு ஒட்டுங்கள்.

எந்த வயதில் என்ன

உதட்டுக்கு 3 முதல் 6 மாதம். பழைய பத்து விதி இன்றும் பயன்படுகிறது: 10 வாரம், 10 பவுண்டு (4.5 கிலோ), ஹீமோகுளோபின் 10 கிராம். நம் ஊரில் பல மையங்கள் 5 கிலோ என்று வைத்திருக்கின்றன, அதுவே நல்லது.

அண்ணத்துக்கு 9 முதல் 12 மாதம். எப்படியும் 18 மாதத்தைத் தாண்டக் கூடாது. குழந்தை சொற்களைச் சேர்த்துப் பேசத் தொடங்குவதற்கு முன் அண்ணம் வேலை செய்ய வேண்டும் என்பதே காரணம். 2023-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்றில், அண்ணம் மட்டும் பிளந்த குழந்தைகளுக்கு 12 மாதத்துக்குப் பதில் 6 மாதத்திலேயே தைத்தபோது ஐந்து வயதில் பேச்சு மேம்பட்டிருந்தது. ஆனால் அவர்கள் வேறு நோயில்லாத குழந்தைகள். வசதியான மருத்துவமனைகளில் செய்யப்பட்டது. ஏழு மாதத்தில் 5 கிலோகூட இல்லாத குழந்தைக்கு இதைக் காட்டி அவசரப்படுத்துவது ஆபத்து. அதே சமயம், 'இன்னும் கொஞ்சம் வளரட்டும்' என்று மூன்று வயதுவரை தள்ளிப்போடுவது அதைவிட அதிகம் நடக்கிறது. அதன் விலையைக் குழந்தை பேச்சில் கொடுக்கிறது.

ஆபரேஷனுக்கு முந்தைய வாரம்

ஹீமோகுளோபின் 10-க்குக் குறைந்தால் இரும்புச்சத்துச் சொட்டு மருந்து தொடங்கி நான்கு வாரம் கழித்து மீண்டும் பார்ப்பார்கள். நம் குழந்தைகளிடம் ஆபரேஷன் தள்ளிப்போக இதுவும் சளியும்தான் முக்கியக் காரணங்கள்.

சளி விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. அண்ணம் பிளந்த குழந்தைக்குப் பால் மேலேறுவதால் மூக்கு எப்போதும் கொஞ்சம் ஒழுகிக்கொண்டேதான் இருக்கும். அதற்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை. காய்ச்சல், மஞ்சள் நிறக் கெட்டிச் சளி, நெஞ்சில் கரகரப்பு, புதிதாக வந்த இருமல் இவற்றில் ஒன்று இருந்தாலும் சொல்லிவிடுங்கள். 2 முதல் 4 வாரம் தள்ளுவார்கள். சுவாசக் குழாய் எரிச்சலோடு இருக்கும்போது மயக்கம் கொடுத்தால், மூச்சுக்காகத் தொண்டைக்குள் விட்ட குழாயை எடுக்கும் நொடியில் குரல்வளை இறுகி மூச்சு நின்றுபோகலாம். வெளியூரிலிருந்து கிளம்பி வந்துவிட்டோமே என்று காய்ச்சல் மாத்திரை கொடுத்து மறைத்துவிடுவது நடக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உடம்பில் சிரங்கு இருந்தாலும், அண்மையில் தடுப்பூசி போட்டிருந்தாலும் சொல்லுங்கள்.

வெறும் வயிறு: திட உணவு, மாட்டுப்பால், பவுடர் பால் 6 மணி நேரத்துக்கு முன் நிறுத்த வேண்டும். தாய்ப்பால் 4 மணி நேரம். வெறும் தண்ணீர் 2 மணி நேரம். பசியில் அழுகிறதே என்று யாரோ ஒரு பிஸ்கட்டை வாயில் வைத்தால், மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போகும். குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். அதே அளவுக்குத் தவறு, நள்ளிரவு முதல் மதியம்வரை ஒன்றும் கொடுக்காமல் வைத்திருப்பது. கைக்குழந்தைக்குச் சர்க்கரை அளவு இறங்கிவிடும். பட்டியலில் எத்தனையாவது என்று கேட்டு, நேரம் தள்ளிப்போனால் உடனே செவிலியரிடம் சொல்லி, தண்ணீராவது கொடுக்கலாமா என்று கேளுங்கள்.

உள்ளே நடப்பது

உதட்டில் வெறுமனே தோலை இழுத்துத் தைப்பதில்லை. பிளவின் இரு பக்கமும் தவறான இடத்தில் ஒட்டியிருக்கும் தசையைப் பிரித்தெடுத்து வளையமாகச் சேர்ப்பதே முக்கிய வேலை. 1950-களில் ரால்ஃப் மில்லார்ட் வகுத்த சுழற்றி நகர்த்தும் முறையும் அதன் திருத்தங்களுமே இன்று பெரும்பாலும் செய்யப்படுகின்றன. அண்ணத்திலும் அப்படித்தான். மூக்குப் பக்கம் ஒரு படலம், நடுவில் தசை, வாய்ப் பக்கம் ஒரு படலம் என மூன்று அடுக்காக, இழுவை இல்லாமல் தைக்க வேண்டும். இழுத்துப் பிடித்துப் போட்ட தையல் அறுந்துபோகும். ஒரு வாரம் கழித்து விழும் ஓட்டைகள் பலவற்றுக்கு அதுதான் காரணம்.

தியேட்டரில் புதிதாகச் சேர்ந்தவர்கள் மறக்கக் கூடாதவை இரண்டு. ரத்தம் உள்ளே இறங்காமல் தொண்டையில் வைக்கும் நாடாத்துணியை வைத்த நேரத்தைப் பலகையில் எழுதி, எடுத்ததும் உரக்கச் சொல்லி அழிக்க வேண்டும். உள்ளேயே தங்கிவிட்டால் குழாயை எடுத்த நொடியில் மூச்சு அடைக்கும். இரண்டாவது, வாயைத் திறந்து பிடிக்கும் கருவி நாக்கை அழுத்திக்கொண்டே இருக்கும். ஆபரேஷன் நீண்டால் இடையிடையே அதைத் தளர்த்திவிட வேண்டும். இல்லாவிட்டால் முடித்த பிறகு நாக்கு வீங்கி மூச்சுப் பாதையை மறைக்கும்.

முதல் 24 மணி நேரம்

அண்ணம் தைத்த குழந்தையைப் பக்கவாட்டில் கிடத்துங்கள். எச்சிலும் ரத்தமும் வெளியே வழியட்டும். விரலில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவி இரவு முழுவதும் இருக்க வேண்டும். நாக்கில் ஒரு தையல் நூல் போட்டுக் கன்னத்தில் ஒட்டியிருந்தால் பயப்படாதீர்கள். நாக்கு பின்னால் விழுந்தால் இழுத்துவிட அது, மறுநாள் எடுத்துவிடுவார்கள்.

எச்சிலில் இளஞ்சிவப்பு ஒரு நாள் இருக்கும். செக்கச்செவேலென்று புதிய ரத்தம் வந்தால் கூப்பிடுங்கள். வெளியே ரத்தமே வராமல், தூங்கும் குழந்தை அடிக்கடி எச்சில் விழுங்கிக்கொண்டே இருப்பது இன்னும் கவனிக்க வேண்டியது. ரத்தம் உள்ளே இறங்குகிறது என்று அதற்கு அர்த்தம். கூடவே முகம் வெளுத்து, நாடி வேகமெடுத்தால் நொடியும் தாமதிக்கக் கூடாது.

வலிக்கு பாரசிட்டமால், கிலோவுக்கு 15 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. முதல் இரண்டு நாள் அழும்வரை காத்திருக்காமல் நேரப்படி கொடுங்கள். வலியில் அழும் குழந்தை குடிக்காது, அழுகையில் தையலும் இழுபடும். இங்கே ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. 8 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 120 மி.கி. வேண்டும். 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப் என்றால் 5 மி.லி. கொடுக்கலாம். சொட்டு மருந்துப் புட்டியில் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும், அதிலிருந்து 5 மி.லி. ஊற்றினால் 500 மி.கி. போய்விடும். வீட்டுக்குப் போகும் முன் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, இதிலிருந்து எவ்வளவு என்று கேட்டு, அட்டையிலேயே எழுதி வாங்குங்கள்.

உதடு தைத்த பிறகு

மயக்கம் தெளிந்து நன்றாக விழித்ததும் தாய்ப்பாலோ பாலாடையோ அன்றே தொடங்கலாம். தாய்ப்பால் குடித்தால் தையல் பிரிந்துவிடும் என்பது வீண் பயம்.

ஒவ்வொரு வேளை குடித்த பிறகும் மருத்துவமனை தந்த உப்புநீரில் நனைத்த பஞ்சுக் குச்சியைத் தையலின் மேல் மெதுவாக உருட்டுங்கள், தேய்க்காதீர்கள். பால் காய்ந்து பொருக்குக் கட்டினால் அதற்கடியில்தான் சீழ் பிடிக்கும். பிறகு சொல்லிய களிம்பை மெல்லியதாகத் தடவுங்கள். மஞ்சள், தேங்காய் எண்ணெய், வசம்பு, திருநீறு எதுவும் வேண்டாம். கரையாத நூல் போட்டிருந்தால் 5 முதல் 7 நாளில் எடுக்க வேண்டும். தாமதித்தால் ஏணிப்படிபோல் குறுக்குத் தழும்பு நிரந்தரமாக நிற்கும். ஊர் தூரம் என்றால் கரையும் நூல் போட முடியுமா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

மூன்று நான்கு வாரம் கழித்துத் தழும்பை விரல் நுனியால் அழுத்தி நீவத் தொடங்குங்கள்: ஒரு தடவைக்கு 5 நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு தடவை, மூன்று மாதமாவது. இந்தக் காலத்தில் பெற்றோர் கலங்கிப்போகும் கட்டம் ஒன்று வரும். முதல் மாதம் அழகாக இருந்த உதடு, இரண்டாம் மூன்றாம் மாதத்தில் சிவந்து, தடித்து, மேலே இழுத்துக்கொள்ளும். ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று வேறு மருத்துவமனைக்கு ஓடுவார்கள். தழும்பு முதிரும் இயல்பான வழி அதுதான். ஒரு வருடத்தில் தளர்ந்து வெளுக்கும். அதற்கு முன் மறுபடி கத்தி வைக்கச் சம்மதிக்காதீர்கள். மூக்கில் சிலிகான் குழல் வைத்திருந்தால், சொன்ன மாதம் முடியும்வரை தினமும் கழுவி மாட்ட வேண்டும்.

அண்ணம் தைத்த பிறகு மூன்று வாரம்

இதுதான் மிகவும் ஜாக்கிரதையான காலம். வாய்க்குள் கெட்டியாக எதுவும் போகக் கூடாது. வடிகட்டிய அரிசிக் கஞ்சி, பருப்புத் தண்ணீர், நீர்க்கக் கரைத்த ராகிக் கூழ், பால், இளநீர், கூழாக மசித்து வடிகட்டிய காய். எல்லாம் ஆறியபின். கிண்ணத்திலிருந்து நேராகவோ பாலாடையிலோ கொடுங்கள். கரண்டி என்றால் உதட்டோரத்தோடு நிறுத்துங்கள், உள்ளே விடாதீர்கள். ஸ்ட்ரா கூடவே கூடாது. ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் கொதித்து ஆறிய தண்ணீர் 10 முதல் 20 மி.லி. குடிக்கவைத்து வாயைச் சுத்தமாக்குங்கள். பிஸ்கட், முறுக்கு, ரொட்டித் துண்டு, அப்பளம் எல்லாம் மருத்துவர் பார்த்துச் சரியென்ற பிறகுதான்.

நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் போகிறதா என்று கணக்கு வையுங்கள். வலியில் குடிக்க மறுத்து, உடலில் நீர் வற்றிப்போய் மீண்டும் சேர்க்கப்படும் குழந்தைகள் உண்டு.

கையை வாய்க்குள் விடாமலிருக்க, பல மையங்களில் அட்டையும் பஞ்சும் வைத்து முழங்கை மடங்காமல் கட்டிவிடுகிறார்கள். இது ஓட்டையைக் குறைக்கிறது என்பதற்கு ஆதாரம் வலுவாக இல்லை. எப்போதும் யாராவது கூடவே இருக்க முடிந்தால் கட்டு இல்லாமலும் சமாளிக்கலாம். கட்டினால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கையாக அவிழ்த்து, 10 நிமிடம் ஆட்டவிட்டு, தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். கையைவிட ஆபத்தானவை பென்சில், பல்துலக்கி, கிலுகிலுப்பையின் பிடி. அண்ணன் அக்கா இருக்கும் வீட்டில் தரையைத் தினமும் பார்வையிடுங்கள்.

அண்ணத்தின் இரு ஓரங்களிலும் தோலில்லாத இடம் வெளுத்த மஞ்சளாகத் தெரியும், கொஞ்சம் வாடையும் வரும். அது ஆறும் புண், சீழ் இல்லை. காய்ச்சல் 100.4 ஃபாரன்ஹீட்டைத் தாண்டி இரண்டு நாளுக்கு மேல் நின்றாலும், வாடை கடுமையானாலும், ஏழாம் எட்டாம் நாள் புதிதாக ரத்தம் கசிந்தாலும் உடனே கொண்டுபோங்கள்.

மூக்கு வழியாகப் பால் வருவது முதல் வாரத்தில் இருக்கலாம். அண்ணம் வீங்கி அசையாமல் கிடக்கும். நின்றிருந்த ஒழுக்கு பத்து நாளுக்குப் பிறகு மீண்டும் தொடங்கினால் ஓட்டை விழுந்திருக்கலாம். முன்பக்கக் கடின அண்ணமும் பின்பக்க மென் அண்ணமும் சேரும் இடமே வழக்கமான இடம். அதை உடனே மறுபடி தைக்க யாரும் அவசரப்படக் கூடாது; குறைந்தது ஆறு மாதம் திசு இளகிய பிறகே. சில சிறு ஓட்டைகள் தாமாகவே சுருங்கிவிடும். தொந்தரவு தராத முன்பக்க ஓட்டையை, ஈறு இடைவெளியில் எலும்பு வைக்கும் 8 முதல் 11 வயதுவரை விட்டுவைப்பதும் உண்டு.

காதும் பேச்சும்

அண்ணத்தை இழுக்கும் தசைதான் காதுக்கும் தொண்டைக்கும் இடையிலான குழாயையும் திறக்கிறது. அதனால் இந்தக் குழந்தைகள் ஏறக்குறைய எல்லோருக்கும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கும். வலி இருக்காது, சீழ் வராது, சத்தம் மட்டும் மங்கும். பிறந்ததும் ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை காது பரிசோதியுங்கள். நீர் வடியாவிட்டால் கிராமெட் என்ற சிறு குழலை வைப்பார்கள்.

பேச்சை வீட்டிலேயே கவனிக்கலாம். அண்ணம் சரியாக மூடாத குழந்தை 'பாப்பா' என்றால் 'மாமா' என்று கேட்கும். 'காக்கா' என்பது தொண்டையில் வெட்டினாற்போல 'ஆ-ஆ' என்று வரும். மூன்று வயதுக்கு மேல் மூக்குக்குக் கீழே சிறு கண்ணாடியைப் பிடித்து 'அப்பா சட்டை', 'காக்கா கத்துது' என்று சொல்லச் சொல்லுங்கள். கண்ணாடி மங்கினால் காற்று மூக்கில் கசிகிறது. 'அம்மா', 'நாய்' என்று சொல்லச் சொல்லிப் பார்க்காதீர்கள். அந்த ஒலிகளுக்கு எல்லோருக்கும்தான் மங்கும்.

தவறான இடத்தில் ஒலி எழுப்பும் பழக்கத்தைப் பயிற்சியால் மாற்றலாம். அண்ணம் நீளம் போதாததால் வரும் கசிவைப் பயிற்சியால் மாற்ற முடியாது. ஊதும் பயிற்சி, பலூன் என்று வருடக்கணக்கில் காலம் கடத்தாமல், 4 முதல் 6 வயதுக்குள் மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்து, இரண்டாவது அறுவை சிகிச்சை தேவையா என்று முடிவெடுக்க வேண்டும். அதைச் செய்தபின் குறட்டையும் தூக்கத்தில் மூச்சு நிற்பதும் வரலாம், கவனியுங்கள். இன்னொன்று: எதற்காகவோ மூக்குக்குப் பின்னால் இருக்கும் மூக்கடிச் சதையை (அடினாய்டு) எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், பிளவு மையத்தைக் கேட்காமல் சம்மதிக்காதீர்கள். குட்டையான அண்ணம் அந்தச் சதையின் மேல்தான் சாய்ந்து மூடிக்கொண்டிருக்கும். எடுத்த மறுநாளே பேச்சு மூக்கில் போய்விடும்.

பிறகு

ஈறு பிளந்திருந்தால் 8 முதல் 11 வயதுக்குள், கோரைப்பல் இறங்குவதற்கு முன், இடுப்பெலும்பிலிருந்து எடுத்த எலும்புத் துகளை அந்த இடைவெளியில் வைப்பார்கள். பல் முளைத்த பிறகு வைத்தால் பலன் குறைவு. ஆகவே ஏழு வயதிலேயே பல் சீரமைப்பு மருத்துவரிடம் காட்டுங்கள். சொத்தைப் பல் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். சொத்தையோடு எலும்பு வைத்தால் சீழ் பிடித்து வைத்தது கரையும். மேல்தாடை பின்தங்கினால் அதற்கான அறுவை சிகிச்சை வளர்ச்சி நின்ற பிறகுதான், பெண்ணுக்கு 16, ஆணுக்கு 18 வயதளவில். மூக்கின் கடைசித் திருத்தம் அதற்கும் பிறகு.

அடுத்த குழந்தையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: பெற்றோருக்குப் பிளவு இல்லாமல் முதல் குழந்தைக்கு மட்டும் இருந்தால், அடுத்ததற்கு வர 100-க்கு 3 முதல் 5 வாய்ப்பு. கீழுதட்டுக் குழி இருந்தாலோ வேறு உறுப்புக் குறைகள் சேர்ந்திருந்தாலோ கணக்கு வேறு. மரபணு ஆலோசகரைப் பாருங்கள். கருத்தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்குங்கள், எத்தனை மி.கி. என்பதை, முதல் குழந்தைக்குப் பிளவு இருந்தது என்று சொல்லி மருத்துவரிடமே கேளுங்கள். வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர் தாமாக நிறுத்தாமல், கருத்தரிக்கும் முன்பே நரம்பியல் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும்.